பிளஸ் ஒன் வகுப்பில் எதை வளர்க்கலாம்: கோழி முட்டையா, தலைப்பிரட்டையா, கறிவேப்பிலைப் புழுவா, பட்டுப்புழுவா?

தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி வைத்து அறுத்துப் படித்த கடைசித் தலைமுறையில் நானும் ஒருத்தி. கல்லூரிகளில் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் அறிவித்தது. நின்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். அறுத்துப் போட்ட தவளையில் தைராய்டு சுரப்பியைக் காட்டலாம். அது சுரக்கிற தைராக்சின் என்ற ஹார்மோன் செய்கிற வேலையைக் காட்டவே முடியாது. இன்றைக்கு இருக்கிற உடம்பு அடுத்த வாரம் வேறு உடம்பாக மாறும்போதுதான் ஹார்மோன் கண்ணில் படும். அதற்கு உயிரோடு வளர்கிற ஒன்று வகுப்பறையில் வேண்டும்.

எதை வளர்ப்பது என்று சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறேன். என் கணக்கு எளிமையானது. நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு மேசை, ஒன்றரை மாதம். அதற்குள் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, ஹார்மோன் உடம்பை மாற்றுவது. இரண்டு, அந்த மாற்றம் ஏன் அந்த விலங்குக்கு மட்டும் அப்படி நடக்கிறது, அதாவது அதன் உடற்கட்டமைப்புக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு என்பது. பாடப்புத்தகத்தில் விலங்குலகம் தொடக்கத்தில் வருகிறது, நாளமில்லாச் சுரப்பிகள் கிட்டத்தட்டக் கடைசியில் வருகின்றன. நடுவில் மாதங்கள் ஓடிவிடும். கணுக்காலி (பூச்சி, நண்டு வகை) என்றால் என்ன என்று ஜூலையில் எழுதிய பிள்ளைக்கு, ஹார்மோன் என்றால் மனிதனுக்கு மட்டும் இருப்பது என்று ஜனவரியில் தோன்றிவிடுகிறது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் சேர்த்து வைப்பதுதான் வளர்ப்பின் நோக்கம்.

முதலில் கோழி முட்டை. உடற்கட்டமைப்பு உருவாவதைப் பார்க்க இதைவிட நல்லது கிடையாது. இருபத்தொரு நாளில் குஞ்சு. இரண்டாம் நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். முதுகின் இருபுறமும் சின்னச் சின்னக் கட்டிகள் ஜோடி ஜோடியாக, ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில் வரிசையாகத் தோன்றும். பின்னால் அவைதான் முதுகெலும்பாகும். கோழிக் கழுத்தில் 14 எலும்பு, நமக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் 7, பாம்புக்கு உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில். ஒரே அச்சில் எண்ணிக்கை மட்டும் மாறுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். முட்டையை உடைக்காமலே, இருட்டறையில் போன் டார்ச் மேல் வைத்தால் நாலைந்தாம் நாளில் சிலந்தி வலை போல ரத்தக்குழாய் தெரியும்.

ஆனால் ஹார்மோன்? ஓட்டுக்குள்ளே ஒளிந்துகொள்கிறது. பெர்தோல்ட் என்ற ஆய்வாளர் 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் சேவல்களின் விதைப்பையை எடுத்தும், சிலவற்றுக்கு வயிற்றுக்குள் திரும்ப வைத்தும் பார்த்தார். எடுத்ததோடு விட்ட சேவலுக்குக் கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் போயின. திரும்ப வைத்த சேவல் பழையபடி சேவலாகவே வளர்ந்தது. ஹார்மோன் ஆய்வின் முதல் சோதனை என்று அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கொண்டை வளர்வதைக் காட்ட மாதக்கணக்கில் சேவல் வளர்க்க வேண்டும், வகுப்பறையில் நடக்காது. கரண்ட் போனால் முட்டைகளும் போயின. பொரிந்த குஞ்சுகளை யார் வீட்டுக்கு அனுப்புவது என்பது அடுத்த கவலை. நான் ஒரு முறை செய்தேன், மறுபடி செய்யமாட்டேன்.

பழ ஈயைப் பற்றி ஒரு வரி. வாழைப்பழமும் கண்ணாடிக் குடுவையும் போதும், பத்து நாளில் ஒரு தலைமுறை. உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்த ஈதான் உடற்கட்டமைப்பு மரபணுக்களைக் காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று. அந்தத் துறைக்கு 1995-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நுண்ணோக்கி வரிசையில் நாற்பத்தைந்து பேர் நிற்கும்போது மணி அடித்துவிடும்.

சரி, தலைப்பிரட்டை. இதில் என் மனசு இரண்டாகிறது.

ஹார்மோன் பாடத்துக்கு இதைப் போல ஒன்று இல்லை. பின்னங்கால் மொட்டு விடுகிறது. முன்னங்கால் செவுள் மூடிக்குள்ளேயே மறைவாக வளர்ந்து, ஒரு நாள் காலையில் முழங்கையோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் ஒரு வாரத்துக்குள் வால் கரைந்துவிடுகிறது. பாசி தின்ற நீண்ட குடல் சுருங்கி, பூச்சி தின்னும் குட்டைக் குடலாகிறது. அந்த நாட்களில் அது எதுவும் தின்பதில்லை, தன் வாலைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. இத்தனைக்கும் முக்கியச் சாவி ஒரே தைராய்டு ஹார்மோன். காலுக்கு அது "வளர்" என்கிறது, வாலுக்கு "சாவு" என்கிறது. ஹார்மோனின் பொருள் அதைப் பெறுகிற செல்லில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் சொல்லாது.

1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைக்குத் தீனியாகப் போட்டார். அவை அவசர அவசரமாக, ஈ அளவுத் தவளைகளாக மாறின. அடுத்த சில ஆண்டுகளில் பென்னட் ஆலன் தைராய்டை நீக்கிய தலைப்பிரட்டைகளை வளர்த்தார். அவை தவளையாக மாறவே இல்லை, பெருத்துக்கொண்டே போயின. குதிரையின் சுரப்பி தவளைக்குள் வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். முதுகெலும்பிகள் எல்லாவற்றுக்கும் அதே தைராக்சின். நம் வீட்டு அயோடின் உப்பும் அதற்காகத்தான். மெக்சிகோவின் சோசிமில்கோ ஏரியில் வாழும் ஆக்சலாட்டல், தவளைக்கு உறவான வாலுள்ள விலங்கு, இளம் உருவத்திலேயே, செவுளோடு, முட்டையிட்டு வாழ்ந்து முடிக்கிறது. அதற்குத் தைராக்சின் கொடுத்தால் செவுள் உதிர்ந்து கரையேறுகிறது. அதன் உடம்புக்குள் இன்னொரு உடம்புக்கான வரைபடம் பயன்படாமல் கிடந்திருக்கிறது!

இவ்வளவு இருந்தும் நான் தொட்டியில் தலைப்பிரட்டை வளர்ப்பதை நிறுத்திவிட்டேன். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். எந்த இனத்தின் குஞ்சு என்று தலைப்பிரட்டைப் பருவத்தில் கண்டுபிடிப்பது கடினம், அள்ளி வருவது எதுவாகவும் இருக்கலாம். இன்னொரு காரணம் என் தவறு. வால் கரைகிற நேரத்தில் செவுளும் போய் நுரையீரல் வந்துவிடும். ஏறி உட்கார ஒரு சாய்வான கல் வேண்டும். நான் வைக்கவில்லை. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது விரல்நகம் அளவுள்ள ஒன்பது தேரைக் குஞ்சுகள் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தன. வடகிழக்குப் பருவமழையில் பள்ளி மைதானத்துப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற இடமிருந்தால், வாரத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளை அங்கேயே அழைத்துப்போய்க் குனிந்து பார்க்க வைப்பது போதும். பாடம் குறையாது, உயிரும் போகாது. குட்டை காய்ந்து வருவதைப் பொறுத்து அவை வேகமாக மாறுவதையும் அங்கேதான் பார்க்க முடியும்.

அடுத்தது கறிவேப்பிலைப் புழு. எலுமிச்சை, கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறவர்கள் இதைத் திட்டியிருப்பார்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. முதல் நான்கு பருவங்களில் கருப்பும் வெள்ளையுமாக, காக்கை எச்சம் விழுந்தாற்போல இலைமேல் கிடக்கும். நான்காவது முறை தோல் உரித்ததும் பளிச்சென்று இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் கழுத்துக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, புளித்த நாற்றம் அடிக்கும்.

எச்ச வேடம் பச்சை வேடமாக மாறுவது ஹார்மோனின் கையெழுத்து. இதன் உறவினமான வண்ணத்துப்பூச்சி ஒன்றை வைத்து ஜப்பானில் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. நான்காம் பருவப் புழுவுக்கு, புழுவை இளசாகவே வைத்திருக்கும் ஜுவனைல் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால், அடுத்த தோலும் எச்ச நிறத்திலேயே வருகிறது. அந்த ஹார்மோன் குறைந்தால்தான் பச்சை. செலவே இல்லாமல், ஒரு கறிவேப்பிலைக் கிளையில், ஹார்மோன் அளவு இறங்கியதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

குறை என்னவென்றால், ஒரு செடியில் ஐந்தாறு புழு கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று பச்சையாகும், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவிகள் வெளியே வருவதும் நடக்கும். அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் நாம் நடத்த வந்த பாடம் இல்லை. நர்சரியில் வாங்கின புதுச் செடியின் இலையைப் போட்டால் மருந்து தெளித்த இலையாக இருந்து புழு சுருண்டுவிடும். வீட்டுச் செடி இலைதான் சரி.

இப்போது பட்டுப்புழு. நான் கடைசியில் நின்ற இடம் இதுதான்.

முதல் காரணம், எல்லாம் ஒரே வயது. ஒரே நாளில் பொரித்து, ஒரே நேரத்தில் தின்று, ஒரே நாளில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, உடுமலை, தேனிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சி. இலையைப் போட்டாலும் தின்னாது. உடம்பு மினுமினுப்பாகி, தலை மட்டும் மேலே. பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிறாற்போல் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய தலை ஓட்டுக்குப் பின்னால், கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு முக்கோணம் தெரியும். அதுதான் உள்ளே தயாராகிவிட்ட புதுத் தலை. கிட்டத்தட்ட ஒரு நாள் கழித்து உடம்பு அலை அலையாக நெளியும், பழைய தோல் பின்பக்கமாகச் சுருண்டு இறங்கும். கடைசியில் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய தலை ஓடு மட்டும் முகமூடி போல மிச்சமிருக்கும், அதையும் இலையில் தேய்த்துத் தள்ளிவிடும். என் வகுப்பில் ஒரு பிள்ளை அந்த முகமூடிகளைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்து, அளவு வாரியாக அடுக்கி எடுத்து வந்தான். அளவுகோல் வைத்து அளந்தோம். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் தலை ஒரு படி பெரிதாகியிருந்தது. இடைப்பட்ட நாட்களில் உடம்பு பெருத்தது, தலை அப்படியே இருந்தது.

உடற்கட்டமைப்புப் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. நமக்கு எலும்பு உள்ளே, அதனால் தோல் கூடவே வளர்கிறது. கணுக்காலிக்குத் தாங்கும் ஓடு வெளியே, அது விரியாது. ஆகவே படி படியாகத்தான் வளர முடியும், ஒவ்வொரு படியிலும் கழற்ற வேண்டும், கழற்றும் நேரத்தை யாராவது சொல்ல வேண்டும். சொல்வது எக்டைசோன். மூளை முதலில் ஒரு ஹார்மோனை அனுப்புகிறது, அதைக் கேட்டு மார்புப் பகுதிச் சுரப்பி எக்டைசோனை விடுகிறது. அது "உரி" என்று மட்டும் சொல்லும். உரித்த பிறகு என்னவாக வேண்டும் என்பதைச் சொல்வது ஜுவனைல் ஹார்மோன்: நான் இருக்கும்வரை நீ புழு. அது இல்லாத நேரத்தில் அதே எக்டைசோன் வந்தால் கூட்டுப்புழு.

"பாம்பும் சட்டை உரிக்குதே மிஸ், அதுக்கும் எக்டைசோனா?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். பாம்புக்கு எலும்பு உள்ளே இருக்கிறது. அது கழற்றுவது தோலின் தேய்ந்த மேல் அடுக்கைத்தான், எலும்புக்கூட்டை இல்லை. அங்கே எக்டைசோனுக்கு வேலை கிடையாது. இந்தக் கேள்வி வந்த நாளை நான் நல்ல நாளாக எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண் சட்டியில் மண்புழுக்களை வையுங்கள். தமிழில் எல்லாமே "புழு"தான்: மண்புழு, பட்டுப்புழு, குடற்புழு. பார்வைக்குப் பட்டுப்புழுவுக்கும் மண்புழுவுக்கும் வளையம் வளையமாக ஒரே உடம்பு. ஆனால் மண்புழு ஒருநாளும் தோல் உரிப்பதில்லை. நீர் நிரம்பிய உடம்பு, ஈரமான மெல்லிய தோல், தொடர்ந்து வளரலாம். வளையமே இல்லாத, நூல் போன்ற உருளைப்புழுதான் உரிக்கிறது, அதுவும் பட்டுப்புழுவைப் போலவே நான்கு முறை. 1997-இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டவர்கள் இதையே சொன்னார்கள்: கணுக்காலிகளும் உருளைப்புழுக்களும் தோலுரிக்கும் ஒரே பெருங்கிளை, மண்புழு நத்தைக்கு நெருக்கமான வேறு கிளை. வளையத்தைப் பார்த்துக் கூட்டிய பழைய உறவு கலைந்துபோனது. விலங்குலகப் பாடம் முழுவதும் இந்த ஒரு மேசையில் புரண்டு படுக்கிறது.

இரண்டாவது காரணம், இந்த ஹார்மோன் கதையின் பெரும் பகுதி பட்டுப்புழுவிலேயே எழுதப்பட்டது. 1938-இல் பூனியோல் என்ற ஆய்வாளர் சின்னப் பட்டுப்புழுக்களிலிருந்து ஜுவனைல் ஹார்மோன் சுரப்பியை எடுத்தபோது அவை நேரம் வருமுன்பே குட்டிக் கூட்டுப்புழுவாகின. 1940-இல் ஃபுகுடா புழுவின் நடுவே நூல் கட்டினார். முன்பாதி கூட்டுப்புழுவானது, பின்பாதி புழுவாகவே நின்றது. வகுப்பில் நூல் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். கரும்பலகையில் வரைந்து, "பின்பாதி ஏன் மாறவில்லை?" என்று கேட்டாலே யோசிக்கிறார்கள். 1954-இல் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவைச் சாறெடுத்துச் சுத்திகரித்து 25 மில்லிகிராம் எக்டைசோன் எடுத்தார்கள். அரைச் சிட்டிகை கூட இல்லை. அதை உப்பால் அளந்து காட்டுங்கள்.

நம் விவசாயிகளுக்கு இது பாடப்புத்தகச் சங்கதி இல்லை. மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி மையத்தின் "சம்பூர்ணா"வை, நூற்பு தொடங்குகிற நேரத்தில் இலையில் தெளித்துப் போடுகிறார்கள். அது செடியிலிருந்து எடுத்த எக்டைசோன் வகை. பின்தங்கிய புழுக்களும் சேர்ந்து முதிர்ந்து ஒரே நேரத்தில், கூடு கட்டுவதற்கான தட்டியான சந்திரிகையில் ஏறும். செடி ஏன் பூச்சியின் ஹார்மோனைச் செய்கிறது? தன்னைத் தின்கிற பூச்சியின் நாள்கணக்கைக் குழப்பத்தான் என்பது நல்ல ஊகம். இதற்கு இன்னொரு அழகான சாட்சி உண்டு. செக் நாட்டுப் பூச்சி ஆய்வாளர் காரல் ஸ்லாமா 1960-களில் ஹார்வர்டுக்குக் கொண்டுபோன சிவப்பு நாவாய்ப் பூச்சிகள் முதிராமல், ராட்சதக் குஞ்சுகளாகவே செத்தன. காரணம் தட்டில் விரித்த அமெரிக்கக் காகிதம். அந்தக் காகிதம் செய்த ஃபிர் மரத்தில் ஜுவனைல் ஹார்மோன் போன்ற பொருள் இருந்தது, அது அந்தப் பூச்சிக் குடும்பத்தை மட்டும் பாதித்தது. அதே குடும்பத்துப் பூச்சிதான் நம் ஊர் வெண்டைச் செடியிலும் இலவ மரத்தடியிலும் கூட்டம் கூட்டமாகத் திரிகிற சிவப்புப் பூச்சி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மல்பெரி இலை தினமும் வேண்டும், ஈரம் இல்லாமல். புழு ஒன்றுக்கு மொத்தம் 20 கிராமுக்கு மேல் தேவைப்படும், அதில் பெரும்பகுதி கடைசி ஏழெட்டு நாளில். ஐம்பது புழுவுக்கு மேல் எடுக்காதீர்கள். முட்டை முதல் வளர்ப்பது வகுப்பறைக்குக் கஷ்டம். இளம்புழு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களைக் கேட்டால் ஒரு பிடி தருவார்கள். நூறு முட்டைத் தொகுதியில் நாற்பதாயிரம் புழு வைத்திருக்கிறவர்களுக்கு அது கணக்கே இல்லை. அப்படி வாங்கினால் பார்ப்பதற்கு இரண்டு தோலுரிப்பு மிச்சமிருக்கும், போதும். கோடையில் தொடாதீர்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

இன்னொரு குறை கொஞ்சம் ஆழமானது. எக்டைசோன் நம் உடம்பில் சுரப்பதில்லை. "இது பூச்சிக்கு, நமக்கென்ன?" என்று ஒரு பிள்ளை நினைத்தால் தப்பு சொல்ல முடியாது. அதனால்தான் மைதானத்துக் குட்டையைக் கைவிடவில்லை. எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு, தைராக்சின் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது. வேதியியலில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் செல்லுக்குள் அவற்றைப் பிடித்துக்கொள்கிற ஏற்பிகள் இரண்டும் ஒரே புரதக் குடும்பம், இரண்டும் மரபணுவில் உட்கார்ந்துதான் வேலை செய்கின்றன. ஓடு வெளியே இருக்கிற உடம்பும் எலும்பு உள்ளே இருக்கிற உடம்பும் வேறு வேறு சாவி செய்துகொண்டன, பூட்டை ஒரே பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டன. பத்து லட்சம் பூச்சி இனமும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட இருவாழ்வி இனங்களும் இப்படி ஒரு புள்ளியில் சேர்வதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும்.

ஆக, என் முடிவு இது. மல்பெரித் தோட்டம் எட்டுகிற தூரத்தில் இருந்தால் பட்டுப்புழு, கூடவே மண்புழுச் சட்டி, மழைக்காலத்தில் குட்டைக்கு நடை. மல்பெரி கிடைக்காத ஊரென்றால், அல்லது பத்துப் பதினைந்து பிள்ளைகள் மட்டும் என்றால், கறிவேப்பிலைப் புழு. ஒவ்வொருவர் வீட்டுத் தொட்டியிலும் ஒன்றைத் தேடிப் பிடித்து நாள் குறித்து வரச் சொல்லுங்கள். மேட்டூர், பவானிசாகர் போல மீன் குஞ்சுப் பண்ணை அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன் ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை இன மீனை முட்டையிட வைத்தார், இன்றைக்கும் மீன் விவசாயிகள் நாள் அதுதான். ஊசி போட்ட அன்றைக்கே முட்டை விழுவதை ஒரு பயணத்தில் காட்டிவிடலாம். ஆனால் அது ஒரு நாள் காட்சி, வளர்ப்பு இல்லை.

கூடு கட்டிய பிறகு நான் அவற்றை வேகவைப்பதில்லை. அந்துப்பூச்சி வெளியே வரட்டும் என்று விட்டுவிடுவேன். பறக்கத் தெரியாத ஆண் பூச்சி, பெண்ணின் வாசனை பட்டதும் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றும். அது ஹார்மோன் இல்லை, ஃபெரோமோன். உடம்புக்கு வெளியே போகிற செய்தி. தேர்வில் பிள்ளைகள் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான், நேரில் பார்த்தவர்கள் குழம்புவதில்லை.

தட்டை உள்ளே கொண்டுபோகும் முன் ஒன்று செய்யுங்கள். வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் கொசு மருந்து மெஷின் இருந்தால் பிளக்கைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். நான் இரண்டாம் ஆண்டு அதைக் கவனிக்கவில்லை. கொசுவின் நரம்பைத் தாக்கும் மருந்துக்குப் பட்டுப்புழுவின் நரம்பும் ஒன்றுதான். மாலையில் தின்றுகொண்டிருந்த நாற்பது புழுக்கள் காலையில் பச்சை நீர் கக்கி, வளைந்து கிடந்தன.